கல் பொறுக்கிக் கொடுத்த மண்

என் கணவர் சமோசா போட்டுப் பிழைத்தவர். நான் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களின் டிஎன்ஏவைப் படிக்கிறவள். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்கிறவர்கள் கொஞ்சம் தயங்கிவிட்டு, லவ் மேரேஜா என்று கேட்பார்கள். இல்லை, பெரியவர்கள் பேசி முடித்ததுதான். மாப்பிள்ளைக்குச் சொந்தமாகக் கடை இருக்கிறது, பெண் பசியோடு தூங்க மாட்டாள் என்பது என் அம்மாவுக்குப் போதுமான காரணமாக இருந்தது. பெண் மாப்பிள்ளையைவிடக் கூடுதலாகப் படித்திருக்கிறாள் என்று யாரோ அவரிடம் வத்தி வைத்தபோது, அப்படியானால் கணக்குப் பார்க்க ஆள் தேட வேண்டியதில்லை என்றாராம். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள்கூட நான் கணக்குப் பார்க்கவில்லை. காலையில் போளூர் வழியாக வேலூர் பஸ், சாயங்காலம் அதே வழியில் திரும்ப. அவருக்கு அதில் பெருமை. கடைக்கு வருகிறவர்களிடம், என் வீட்டுக்காரி பூச்சி ஜாதகம் பார்க்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார்.

கடை செங்கம் சாலையில் இருந்தது. அவருடைய அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, வைத்த கடை. பௌர்ணமிக்கு முந்தைய நாளே வெங்காயம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மலை சுற்றுகிறவர்கள் வெறுங்காலோடு வந்து நின்று, காகிதத்தில் எண்ணெய் ஊற ஊறச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர்களை நினைத்தே கடையில் அசைவம் வைப்பதில்லை. ரமலான் மாதத்து மாலைகளில் மட்டும் சிக்கன் சமோசா, அதற்கும் தனி வாணலி.

அவர் தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும். வெள்ளை என்பது அதை வாங்கிய அன்றைய நிலவரம். வாணலியை இறக்குவது, கை துடைப்பது, முகம் துடைப்பது, ஈ விரட்டுவது எல்லாம் அந்தத் துண்டுதான். என் மாமி, அதாவது அவருடைய அம்மா, அதைச் சோடா உப்பில் ஊறப்போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, கல்லில் அடித்துத் துவைப்பார். காய்ந்த பிறகும் எண்ணெய்த் திட்டு அப்படியே இருக்கும். ஒருமுறை மாமி அலுத்துப்போய் அதை வாசலில் விட்டெறிய, அவர் எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உன் பூச்சிங்கள்ல எதனா ஒண்ணு இத தொவைக்குமா, கேட்டுச் சொல்லு. பச்சத் தண்ணியில தொவைக்கணும். அம்மாவுக்குக் கை நோவுது."

அவர் விளையாட்டாகக் கேட்டதுதான் உண்மையில் என் வேலை. நுண்ணுயிர்கள் தங்கள் சாப்பாட்டை உடைப்பதற்கு நொதிகளைச் சுரக்கின்றன. கொழுப்பைத் தின்று வாழ்கிறவை கொழுப்பை உடைக்கும் நொதியைச் சுரக்கும். அதைத் தனியாகப் பிரித்துச் சலவைத் தூளில் சேர்த்தால் எண்ணெய்க் கறையைக் கரைக்கும். ஏற்கெனவே அப்படிச் சில நொதிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பச்சைத் தண்ணீரிலேயே நன்றாக வேலை செய்கிற புதிய ஒன்று கிடைக்குமா என்று எங்கள் ஆய்வகம் தேடிக்கொண்டிருந்தது. எண்ணெய் பல காலமாகச் சிந்திய இடத்தில், அதைத் தின்னப் பழகிய கூட்டம் கட்டாயம் குடியிருக்கும். அந்த இடங்களின் மண்ணைத்தான் தேடி எடுப்போம்.

மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை பிடிவாதக்காரர்கள். ஆய்வகத் தட்டில் என்ன ஊட்டினாலும் வளர மாட்டார்கள். அதனால் அவற்றை வளர்க்காமலேயே, அந்த மண்ணில் இருக்கும் மொத்த டிஎன்ஏவையும் பிரித்தெடுத்துப் படித்துவிடுகிறோம். ஒரு தெருவில் உள்ள அத்தனை வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளையும் சுக்குநூறாகக் கிழித்து ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும்? எங்களுக்குக் கிடைப்பது அப்படி ஒரு சாக்கு. எது எந்தப் பத்திரிகையின் வரி என்று கணினி ஒட்டிப் பார்த்துச் சொல்லும். ஒட்டிய வரிகளில் நமக்கு வேண்டிய நொதிக்கான குறிப்பு எங்கே என்று தேட வேண்டும்.

ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. மண்ணை எடுத்தவர், தொட்டவர், தும்மியவர் என்று மனிதர்களுடைய டிஎன்ஏவும் கொஞ்சம் கலந்துவிடும். அதைக் கண்டுபிடித்து முதலிலேயே கழித்துவிடுவோம். சாக்கடை, சாணம், அழுகல் என்று எதை எடுத்துவந்தாலும் அதில் எங்களுக்கு அழுக்கு என்று ஆவது மனிதர் ஒருவர்தான். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சிரிக்கவைப்பது என் வழக்கம்.

கடைக்குப் பின்னால் வாணலி கழுவுகிற ஒரு கருங்கல் இருந்தது. அவருடைய அத்தா காலத்திலிருந்து கழுவிய எண்ணெய் அந்தக் கல்லின் ஓரத்தில் இறங்கி, மண்ணோடு சேர்ந்து தாரைப்போலக் கறுத்துக் கிடந்தது. ஆய்வகத்தின் தலைவியான எங்கள் மேடத்திடம் சொன்னேன். உடனே எடுத்துவரச் சொன்னார். நான் ஞாயிற்றுக்கிழமை போய் எடுக்கலாம் என்று கிருமி நீக்கிய குழாய்களையும் கையுறைகளையும் வீட்டில் கொண்டுவந்து வைத்தேன். அந்த நாற்றத்தில் நான் கை வைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஞாயிறு காலை நான் எழுந்து வருவதற்குள் அவரே எடுத்துவந்துவிட்டார்.

குழாயில் இல்லை, தாம்பாளத்தில். அரிசியில் கல் பொறுக்குவதுபோல அந்தக் கறுப்பு மண்ணைத் தாம்பாளத்தில் பரப்பி வைத்துக்கொண்டு, விரலால் நசுக்கி நசுக்கி, வெங்காயத் தோல், கல், தீக்குச்சி, பீடித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி ஓரமாகக் குவித்திருந்தார். கையுறைகள் பிரிக்காமல் பக்கத்திலேயே கிடந்தன.

"அத மாட்னா கல்லு கைக்குத் தெரியல" என்றார். "உங்க மேடத்துக்குக் குடுக்கறது. குப்பையோடவா குடுப்பாங்க? எங்க கடைப் பேரு என்னாவறது?"

நான் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குத் தின்னக் கொடுத்தவர், சாக்கடை மண்ணைக்கூட ஆய்ந்துதான் கொடுப்பார். தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு மாமி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தத் தாம்பாளம் அதற்குப் பிறகு வீட்டுக்குள் வரவில்லை.

வெறுங்கை பட்ட அந்த மண்ணை நியாயப்படி நான் கீழே கொட்டியிருக்க வேண்டும். மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். அவரும் சிரித்தார். முதல் சோதனைக்கு இது போதும், கணினி எப்படியும் மனித வரிகளைக் கழித்துவிடும், நல்லதாக ஒன்று கிடைத்தால் திரும்பவும் முறைப்படி எடுத்துக்கொள்ளலாம் என்றார். மொத்தத்தையும் டிஎன்ஏ பிரிக்கச் செலவழித்தோம். படித்துத் தருகிற நிறுவனத்துக்கு அனுப்பினோம். அது வருவதற்கு நாளாகும்.

அது வருவதற்குள் அவர் போய்விட்டார். காலையில் வெங்காய மண்டிக்குப் போனவர், தலை சுற்றுகிறது என்று ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாராம். தண்ணீர் கொண்டுவரப் போன ஆள் திரும்பி வந்து பார்த்தபோது சாய்ந்து கிடந்திருக்கிறார். மாரடைப்பு என்றார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அன்று மாலையே அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். தோளில் கிடந்த துண்டை யாரோ மடித்து மாமியின் கையில் கொடுத்தார்கள். மாமி அதைத் துவைக்கவில்லை, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

எங்களில் கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதத்துக்கும் மேலாக வீட்டோடு இருக்க வேண்டும். இத்தா என்று பெயர். இறந்தவரின் பிள்ளை அவள் வயிற்றில் இருந்தால் இந்தக் காலத்தில் தெரிந்துவிடும் என்பதும் அதற்கு ஒரு காரணம். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருடங்களில் பிள்ளை இல்லை. பார்க்காத வைத்தியம் இல்லை, போகாத ஆஸ்பத்திரி இல்லை. அவர் போனபோது எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. நான் சொல்லாமலே மாமி கண்டுபிடித்துவிட்டார். சாப்பிடும்போது என் முகத்தையே பார்ப்பார். நான் மீனை ஒதுக்கினால் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். நானும் அல்லாவிடம் வேறு எதையும் கேட்கவில்லை. ஒரு காலை குளியலறையிலிருந்து வெளியே வந்து, இல்லைங்க மாமி என்றேன். அவர் அரிந்துகொண்டிருந்த கீரையை விடாமல் அரிந்துகொண்டே இருந்தார். பிறகு, மவுத்தாகி மண்ணுக்குள் போனவனுக்கு இருக்கிறது நாம் இரண்டு பேர்தான் என்றார். அன்று அழுததுபோல் அவர் இறந்த அன்றுகூட நான் அழவில்லை.

சில நாள் கழித்து மேடம் ஃபோன் செய்தார். டிஎன்ஏ படித்து வந்துவிட்டது, இப்போது முடியாது என்றால் வேறு யாரிடமாவது கொடுக்கிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நானே பார்க்கிறேன் என்றேன். லேப்டாப்பில் ஆய்வகக் கணினியைத் திறந்தால் வீட்டிலிருந்தே செய்கிற வேலைதான். இத்தாவில் இருக்கிறவளுக்குப் பெட்டி எதற்கு என்று துக்கம் கேட்க வந்த ஓர் உறவுக்காரி மாமியிடம் முணுமுணுத்தார். அவள் கையாவது சும்மா இல்லாமல் இருக்கட்டும் என்று மாமி அவர் வாயை அடைத்தார்.

வந்ததை முதலில் பார்த்தபோது சிரிப்பு வந்தது. வெங்காயம் இருந்தது. கோதுமை, கடலைப்பருப்பு, மிளகாய் இருந்தன. ரமலானின் மிச்சமாகக் கோழியும் கொஞ்சம் இருந்தது. கடையின் சரக்கு முழுவதும் வரிசையாக வந்து நின்றது. அதற்கு மேலே, எங்கேயும் இல்லாத அளவுக்கு மனித வரிகள் இருந்தன. வழக்கமாக மண்ணில் அது ஊறுகாய் அளவுக்குத்தான் இருக்கும். இது அள்ளிக் கொட்டியதுபோல இருந்தது. ஆண், பெரும்பகுதி ஒரே ஆளுடையது என்றுதான் தெரிந்தது. தாம்பாளத்தில் விரலால் நசுக்கி நசுக்கிக் கல் பொறுக்கியவரின் தோல் அது. நான் திரையைப் பிடித்துக்கொண்டு விசும்பினேன்.

மாமி அடுப்படியிலிருந்து வந்தார். என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த வரைக்கும் எளிமையாகச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, காட்டு என்றார். நான்கே நான்கு ஆங்கில எழுத்துகள் மாறி மாறி முடிவில்லாமல் ஓடின. மாமி அதில் விரல் வைத்தார்.

"இதுல அவன் எது?"

"தனியா பிரிச்சிக் காட்ட முடியாதுங்க மாமி. கடையில கை வெச்சவங்க எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பாங்க. ஜாஸ்தி அவருதான்."

"அப்போ அவன்தான்" என்று மாமி முடித்துவிட்டார்.

மறுநாள் காலை டீ கொண்டுவந்தபோது, பெட்டியைப் பார்த்துக் கையைக் காட்டி, "இருக்கானா?" என்று கேட்டார். தூங்குகிற ஆளைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டார். இருக்காருங்க என்றேன். அதற்குப் பிறகு தினமும் டீயோடு அந்தக் கேள்வியும் வந்தது. எனக்கும் அது வேண்டியிருந்தது. இல்லை என்று சொல்ல எத்தனையோ இருக்கிற வீட்டில், இருக்கிறார் என்று சொல்ல ஒன்றாவது இருந்தது. மனித வரிகளைக் கழிக்கும் வேலையைத் தள்ளிக்கொண்டே போனேன். மேடம் கேட்டபோதெல்லாம் இணையம் மெதுவாக இருக்கிறது என்றேன். அவர் நம்பியிருக்க மாட்டார்.

இத்தா முடிந்து வேலைக்குப் போனேன். வேறோர் ஊர் ஆய்வகத்தோடு அந்த டிஎன்ஏவைப் பகிர வேண்டியிருந்தது. ஒரு மனிதருடைய டிஎன்ஏவை அவர் சம்மதமில்லாமல் நாங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது. அவருடையதில் அவர் அம்மாவும் இருக்கிறார், தம்பியும் இருக்கிறார். மண்ணைக் கேட்டபோது நான் அவரிடம் மண்ணைத்தான் கேட்டேன், அவரைக் கேட்கவில்லை. இப்போது கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. மேடம் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, நானே அழித்துவிடட்டுமா என்று மெல்லக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. எடுத்துச் செருகினேன். ஒரு நகல் எடுத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அவை என்னைக் கேலி செய்யாது. பஸ் லேட்டானால் ஃபோன் செய்யாது. பொரித்ததில் உடைந்தவற்றை எனக்கென்று டிபன் டப்பாவில் போட்டு வைக்காது. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு, மனித வரிகளைத் தனியாகக் கழித்து, மூலக் கோப்போடு சேர்த்து அழிக்கச் சொல்லி எழுதினேன். அந்தக் கணினி, நிச்சயமாகத்தானா என்றுகூடக் கேட்காது. என்டரைத் தட்டினால் முடிந்தது. திரும்ப அந்தக் கோப்பின் பெயரைத் தேடிப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை என்றது. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இரண்டாம் முறை நானே அவரை அடக்கம் செய்ததுபோல இருந்தது.

மறுநாள் காலை மாமி டீ கொடுத்தார். "இருக்கானா?" என்றார். இருக்காருங்க மாமி என்றேன்.

மீதமிருந்த வரிகளைக் கணினி ஒட்டியது. கொழுப்பை உடைக்கும் நொதிக்கான குறிப்புகள் நிறையக் கிடைத்தன. பெரும்பாலானவை தெரிந்தவைதான். ஒன்று மட்டும் எதோடும் ஒத்துப்போகவில்லை. இதற்கிடையில் வெளியூரில் இருக்கும் கொழுந்தனார் கடையை வேறு ஒருவருக்கு விட்டுவிட்டார். வந்தவர் முதல் வேலையாகப் பின்பக்கத்துக் கல்லைப் பெயர்த்துவிட்டு சிமெண்ட் பூசினார். முறைப்படி திரும்ப எடுக்கலாம் என்று மேடம் சொன்ன மண் இனி இல்லை. ஆனால் குறிப்பு கையில் இருந்ததால் உயிர் தேவைப்படவில்லை. அந்த ஒன்றைச் செயற்கையாக எழுதி வாங்கி, ஆய்வகத்தில் வளர்கிற சாதாரண பாக்டீரியாவுக்குள் வைத்தோம். பல மாதம் இழுத்தது. கடைசியில் ஒருநாள், கொழுப்பு கலந்து பால்போல வெளுத்திருந்த தட்டில் அந்த பாக்டீரியாவைச் சுற்றிக் கண்ணாடிபோல ஒரு வட்டம் தெளிந்திருந்தது. தட்டைக் குளிர்ந்த பெட்டியில்தான் வைத்திருந்தோம். பச்சைத் தண்ணீரில் வேலை செய்கிற நொதிதான்.

அடுத்து துணியில் பார்க்க வேண்டும். வீட்டில் எண்ணெய் ஏறி மக்கிப்போன பழைய துணி இருந்தால் ஆளுக்கு ஒன்று கொண்டுவாருங்கள் என்றார் மேடம். அன்று சாயங்காலம் நான் அதை வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மாமி ஒரு கவரை நீட்டினார். உள்ளே அவருடைய துண்டு இருந்தது.

"அவன் கேட்டதுதானே. தொவைச்சி எடுத்தாந்து குடு" என்றார். வேண்டாங்க மாமி என்று நான் தடுமாறியபோது, "அவன்தான் பொட்டியில இருக்கானே, அழுக்குத் துண்டு எனக்கு எதுக்கு?" என்று கவரை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கண்ணமங்கலம் தாண்டும்வரைக்கும் அந்தக் கவரை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பிரித்து மூக்கில் வைத்தேன். கறுத்த எண்ணெயும் வெங்காயமும் அதற்குள்ளே மெலிதாக அவருடைய வேர்வையும் இருந்தன. பக்கத்து சீட்டுப் பெண் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆய்வகத்துக்குப் போய், வீட்டில் துணி எதுவும் இல்லை என்றேன். இன்னொருவர் கொண்டுவந்த பழைய கைப்பிடித் துணியில் சோதித்தார்கள். குழாய்த் தண்ணீரில் நொதியைக் கலந்து ஊறவைத்து அலசினால், பல வருடத்துக் கறை விட்டு, துணி புதிதுபோல ஆகிவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் அதை வாங்கி முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. நன்றாக வேலை செய்திருந்தது.

வீட்டுக்கு வந்து கவரை மாமியிடம் திருப்பிக் கொடுத்தேன். மாமி துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, பூச்சி வேலை செய்யலையா?"

"செய்யுதுங்க மாமி. நல்லா செய்யுது."

"அப்பறம் ஏன் தொவைக்காம எடுத்தாந்த?"

நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். "பொட்டியில அவரு இல்லைங்க மாமி. அழிச்சிட்டேன். அழிச்சி ரொம்ப நாளாவுது. இது ஒண்ணுதான் இருக்குது. இத தொவைக்க வேணாம்."

மாமி என்னைத் திட்டவில்லை. துண்டை மடியில் போட்டு இரண்டு கையாலும் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு முனையைப் பல்லில் கடித்துக் கீறி, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தார். எண்ணெய் ஏறிய துணி, கிழியச் சிரமப்பட்டது. பாதியைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, மறு பாதியை என் மடியில் போட்டார்.

மறுநாள் காலை டீ கொண்டுவந்து வைத்தார். எதுவும் கேட்கவில்லை.